மலைப்பள்ளில டீச்சருங்க ஏன் தங்க மாட்டேங்கிறோம், என்ன இருந்தா தங்குவோம்?

கடம்பூர்மழை:

எல்லாருக்கும் வணக்கங்க. நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க ப்ளீஸ். நான் இடைநிலை ஆசிரியை. 2013 டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதி 2014ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல சேர்ந்தேன், வீட்டுக்காரர் கோபில வேலை பாக்குறதால 2022 மாறுதல் கலந்தாய்வுல ஈரோடு மாவட்டம் கேட்டேன், என் முறை வரும்போது ஸ்கிரீன்ல மிச்சம் இருந்தது எல்லாமே மலை தான், சரின்னு எடுத்துட்டேன். கடம்பூருக்கும் மேல போகணும். ஊர் பேரு வேண்டாம்.

சத்தியமங்கலத்துல பஸ் ஏறி கே.என்.பாளையம் வழியா கடம்பூர், அங்கிருந்து ஜீப். ரோட்டுல யானை நின்னா அது நகர்ற வரைக்கும் எல்லாரும் நிக்கணும், அதுல யார் மேலயும் கோவப்பட முடியாது. முதல் 6 மாசம் தினமும் கோபில இருந்து போய் வந்தேன், விடியக்காலை 5 மணிக்கு கெளம்பினா ராத்திரி 8 ஆயிரும். அப்புறம் கடம்பூர்ல ஒரு ரூம் எடுத்து திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அங்க. பொண்ணு ஒண்ணாவது படிக்கிறா, மாமியார் பாத்துக்கிறாங்க. வாரத்துல 4 ராத்திரி என் புள்ளைய விட்டுட்டு 47 புள்ளைங்களுக்கு பாடம் சொல்லித்தர்றேன்.

ஸ்கூல்ல ஹெச்.எம் ஒருத்தர், நான் ஒருத்தி. 60 புள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர்ங்கிறது சட்டம், அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா ஹெச்.எம் மீட்டிங் போனா, பயிற்சிக்கு கூப்பிட்டா, யாராவது ஒருத்தர் லீவு போட்டா 5 வகுப்பும் ஒரே ஆளு. இந்த 3 வருஷத்துல என்கூட வேலை பாத்தவங்க 3 பேர் மாறிட்டாங்க.

மனசுல குத்துற விஷயம் ஒண்ணு. ஊர்ல இருக்கிற அம்மாங்க என்னை "புது டீச்சர்"னு தான் கூப்பிடுவாங்க. முதல் வருஷம் சரி. மூணாவது வருஷமும் அப்படியே தான். என் பேரு என்னன்னு யாரும் கேக்கல. ஒரு நாள் வாய விட்டு கேட்டேன், ஏன் அக்கா பேரே கேக்க மாட்டேங்கிறீங்கன்னு. "பழகிட்டா கஷ்டம் டீச்சர், நீங்க போயிருவீங்க"ன்னு சொன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஒன்றியத்துல மலைல வேலை பாக்குற டீச்சருங்க சேர்ந்து சி.இ.ஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு ஒரு மனு எழுதுறோம். நாலஞ்சு பேர் மலைப்படிய (மலைல வேலை பாக்குறதுக்கு சம்பளத்தோட தர்ற கூடுதல் காசு) ஏத்துங்கன்னு கேட்டா போதும்ங்கிறாங்க. எனக்கு அது மட்டும் பத்தாதுன்னு தோணுது. மலைல வேலை பாத்தவங்க, பாத்துட்டு விட்டுட்டு வந்தவங்க, மலைலயே படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, என்ன இருந்திருந்தா நீங்க (இல்ல உங்க டீச்சர்) இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருப்பீங்க?

சாக்பீஸ்தூள்:

டீச்சர், மலைப்படி தான் முதல்ல, அதை கீழ தள்ளாதீங்க. ரெண்டு எடத்துல வாடகை, ரெண்டு எடத்துல அடுப்பு, ஜீப் காசு தனி. வாங்குற மலைப்படியும் குளிர்காலப்படியும் ஜீப்புக்கே சரியா போகுது. நான் பர்கூர் மலைல 2 வருஷம் இருந்தேன். காசு கூட குடுத்திருந்தா இருந்திருப்பேனான்னு கேட்டா யோசிச்சு தான் சொல்லணும், ஆனா காசு கூட குடுக்காம யாரையும் இருன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல.

ஆரியூர்வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 1988ல கொல்லிமலைல போட்டாங்க, 2 வருஷத்துல கெளம்பிரலாம்னு தான் போனேன், 11 வருஷம் இருந்தேன். ஏன் இருந்தேன்னு என் சம்சாரம் இன்னைக்கும் கேக்குது, அதனால இந்தக் கேள்விக்கு பதில் நிறைய தடவை யோசிச்சு வச்சிருக்கேன்.

காரவள்ளில இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்சு செம்மேடு வரைக்கும், அதுக்கப்புறம் நடை தான். முதல் நாள் போய் சேரும்போது சாயங்காலம் 4 மணி. ஸ்கூலு பூட்டி இருக்கு. ஒரு கெழவர் வந்து நீங்க தான் வாத்தியாரான்னு கேட்டார், ஆமான்னேன், அவர் தான் ஊர்க்கவுண்டர். அன்னைக்கு ராத்திரியே அவர் வீட்டுக்குப் பக்கத்துல தானியம் போட்டு வச்சிருந்த ஒரு ரூமை காலி பண்ணி, சாணி மெழுகி, பாய் போட்டுக் குடுத்தாங்க. வாடகைன்னு ஒரு பைசா வாங்கல. காலைல சாமைச் சோறு வந்துரும். நான் தங்குனதுக்கு முதல் காரணம் அந்த ரூம் தான் அம்மா. ராத்திரி அந்த ஊர்லயே படுத்து எந்திரிக்கிற வாத்தியாரும், 3 மணிக்கே பஸ் போயிருமோன்னு வாட்சைப் பாக்குற வாத்தியாரும் ஒரே மாதிரி பாடம் நடத்த முடியாது. ரெண்டாவது ஆள் மேல நான் குத்தம் சொல்லல, அவன் நெஞ்சு பூரா பஸ்சுலயே இருக்கும், அதான் சொல்றேன்.

ராத்திரி அங்கயே இருந்ததால தான் எனக்கு பல விஷயம் தெரிஞ்சுது. மிளகு பறிக்கிற சீசன்ல எந்த வீட்டுப் புள்ள வராது, யார் வீட்டுல அப்பன் குடிச்சுட்டு அடிக்கிறான், எந்தப் பொண்ணுக்கு 13 வயசுலயே மாப்பிள்ளை பாக்குறாங்க, இதெல்லாம் ஹாஜர் பதிவேட்டுல இருக்காது. ஒரு பொண்ணு கல்யாணத்தை நானும் ஊர்க்கவுண்டரும் சேர்ந்து உக்காந்து பேசி நிறுத்தினோம். அந்தப் பொண்ணு இப்ப நாமக்கல்ல நர்ஸா இருக்கு.

ரெண்டாவது காரணம், என்கூட இருந்த இன்னொரு வாத்தியார். அவரும் தங்கினார். ஒருத்தருக்கு காய்ச்சல்னா இன்னொருத்தர் கஞ்சி வச்சுக் குடுப்போம். 5 வருஷம் கழிச்சு அவர் மாறுதல்ல போனாரு, அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் மேல தங்கல. தனியா இருந்த அந்தக் காலம் தான் கஷ்டம். இருட்டினா பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, நான் கெளம்பணும்னு முதல் தடவை நினைச்சது அப்ப தான். யானை, காடு, குளிர் இதுக்கெல்லாம் ஒரு மாசத்துல மனுசன் பழகிருவான்.

அதனால மனுல இதை எழுதுங்க. மலைக்கு போடுறதா இருந்தா ரெண்டு ரெண்டு பேரா போடுங்க, சேர்ந்து போட்டவங்களை சேர்ந்தே மாத்துங்க. ஒருத்தரை மட்டும் இழுத்தா இன்னொருத்தரும் கையோட வந்துருவார்.

வரிகட்டுறவன்:

எல்லாரும் டீச்சர் கஷ்டத்தையே பேசுறீங்க, நான் வேற பக்கம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க அத்தை வீடு ஜவ்வாது மலைல. அங்க டீச்சர் திங்கக்கிழமை மதியம் வருவாங்க, வெள்ளிக்கிழமை மதியச் சோறு முடிஞ்சதும் கெளம்பிருவாங்க. நடுவுல ஒரு நாள் மழைன்னு லீவு. என் மாமா பையன் அஞ்சாவது முடிச்சான், தமிழ் எழுத்துக்கூட்டித் தான் படிக்கிறான். மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல? இங்க கேக்குற வசதி எல்லாம் செஞ்சு குடுத்த பிறகாவது முழு வாரம் இருப்பாங்கன்னு யார் உத்தரவாதம் குடுப்பா?

கடம்பூர்மழை:

உங்க கோவம் நியாயம் தாங்க. உங்க மாமா பையனுக்கு நடந்தது தப்பு, அதுல மறுபேச்சு கிடையாது. நானும் முதல் 6 மாசம் 3.45க்கு ஜீப்பைப் பிடிக்க ஓடினவ தான். அந்த ஜீப்பை விட்டா அடுத்த ஜீப் கிடையாது. அந்த மாசங்கள்ல நாலாவது படிக்கிற ஒரு பையன் கழித்தல் கணக்குல கடன் வாங்குறது புரியாம நின்னுட்டு இருந்தான், தினமும் "நாளைக்கு சொல்லித்தர்றேன்டா"ன்னு சொல்லிட்டே ஓடுவேன். ரூம் எடுத்ததுக்கு அப்புறம் ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் அவன்கூட புளியங்கொட்டை வச்சு உக்காந்தேன், வந்துருச்சு. அரை மணி நேரம் தான். அந்த அரை மணி நேரம் இல்லாம தான் 6 மாசம் போச்சு. உத்தரவாதம் கேக்குறீங்களே, ஸ்கூல் பக்கத்துல தங்க எடம் குடுத்துட்டு அப்புறம் கேளுங்க, நானே கையெழுத்து போட்டுத் தர்றேன்.

ஊராளிப்பையன்:

டீச்சர், நானும் உங்க மலை தானுங்க. மாக்கம்பாளையம் பக்கம். குரும்பூர் பள்ளம், சக்கரைப்பள்ளம் ரெண்டும் தாண்டித்தான் வரணும், மழை பேஞ்சு பள்ளத்துல தண்ணி போச்சுன்னா பஸ்சும் வராது டீச்சரும் வராது. எங்கூட்ல முதல்ல டிகிரி முடிச்சது நான்.

நான் படிக்கையில அஞ்சு வகுப்புக்கு 6 டீச்சர் பாத்தனுங்க. எண்ணி வச்சிருக்கேன். எல்லாரும் நல்லவங்க. ஆனா ஒவ்வொருத்தரும் வந்தவுடனே முதல்ல இருந்து அனா ஆவன்னா ஆரம்பிப்பாங்க, ஏன்னா யாருக்கு என்ன தெரியும்னு அவங்களுக்கு தெரியாது. எங்க வூட்டுல பேசுறது ஊராளிப் பழங்குடிப் பேச்சு, சோளகர்னு இன்னொரு பழங்குடி, அவங்க வூட்டுல அவங்க பேச்சு, புத்தகத்துல வேற தமிழ். ஒரு டீச்சர் எங்க பேச்சு புரிஞ்சுக்க ஆரம்பிக்கவே ஒரு வருஷம் ஆயிருது. புரிஞ்சதும் அவங்களுக்கு மாறுதல் வந்துருது. அடுத்த ஆளு வந்து மறுபடியும் "இந்தப் பசங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க"ன்னு சொல்லுவாங்க. நாங்க வாய் திறந்தோமுங்க, அவங்களுக்கு புரியல.

மூணாவதுல ஒரு சார் இருந்தாரு, அவர் எங்க பேச்சுல கதை சொல்லச் சொல்லி அதை தமிழ்ல போர்டுல எழுதுவாரு. கரடி கதை, தேன் எடுக்குற கதை எல்லாம். நான் படிச்சதே அப்பத்தான். அவரு ஒரு வருஷம் 3 மாசம் இருந்தாரு. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு போயிட்டாரு, தப்பு சொல்ல முடியாது. அன்னைக்கு நாங்க 20 பேரு ஜீப்பு பின்னாடியே பள்ளம் வரைக்கும் ஓடினோம்.

அம்மாங்க பேரு கேக்கலன்னு சொன்னீங்களே, எங்கம்மாவும் அப்படித்தானுங்க. எல்லா டீச்சரும் எங்கம்மாவுக்கு "புது டீச்சர்" தான்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, மலைல தங்க ஆளு இல்ல இல்லன்னு சொல்றீங்க, மலைலயே பொறந்த நாங்க இருக்கோம். நான் டி.டி.எட் (ஆசிரியர் பயிற்சி) முடிச்சிருக்கேன், டெட் ரெண்டு தடவை எழுதினேன், எங்களுக்கு அப்ப பாஸாக 82 மார்க் வேணும், ரெண்டாவது தடவை 79. கோச்சிங் சேரணும்னா ஈரோடோ கோபியோ போகணும், ஹாஸ்டல் செலவு, அந்த மாசம் வூட்டுல கூலி போயிரும். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன். மலைல ஒரு கோச்சிங் சென்டர், லீவு நாள்ல மட்டும் கூட போதும், உங்கள மாதிரி டீச்சருங்களே நடத்தலாம். எங்க பசங்க 10 பேரு பாஸ் பண்ணினா அந்த 10 பேருக்கும் மலை தான் வூடு, மாறுதல் எதுக்குக் கேக்கப் போறாங்க?

கடம்பூர்மழை:

தம்பி இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். 3 மார்க். கோச்சிங் விஷயம் மனுல கண்டிப்பா வருது, மனுக்கு பதில் வந்தாலும் வராட்டியும் கணக்கும் உளவியலும் நான் சொல்லித்தர்றேன், எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க.

கரியாலூர்தமிழ்:

நான் கல்வராயன் மலைல அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளில வேலை பாக்குறேன். எங்க நெலமை உங்களோடதுல இருந்து கொஞ்சம் மாறும். நாங்க பள்ளிக்கல்வித்துறை கிடையாது, பழங்குடியினர் நலத்துறை. அதனால கலந்தாய்வுல உங்க மாதிரி பக்கத்து ஊர் அரசுப் பள்ளி கேக்க முடியாது, எங்க துறைப் பள்ளிக்குள்ளயே தான் மாறணும், அந்தப் பள்ளி எல்லாமே அனேகமா மலைல தான். 2023 பட்ஜெட்ல நலத்துறைப் பள்ளி எல்லாத்தையும் பள்ளிக்கல்வித்துறைக்கு கீழ கொண்டு வர்றோம்னு சொன்னப்ப எங்கள்ல பாதிப் பேருக்கு சந்தோஷம், பாதிப் பேருக்கு பயம். சந்தோஷம் ஏன்னா கீழ எறங்க வழி கிடைக்கும். பயமும் அதே காரணத்துக்குத் தான், வழி தெறந்துட்டா ஒரே வருஷத்துல மலை காலி ஆயிரும்.

இன்னொன்னு சொல்லணும், இது வெளிய யாருக்கும் தெரியாது. உறைவிடப் பள்ளில காப்பாளர் (ஹாஸ்டல் வார்டன்) வேலையும் நம்ம தலைல தான். பகல்ல வகுப்பு, சாயங்காலம் அரிசி பருப்பு கணக்கு, ராத்திரி புள்ளைங்களுக்கு காய்ச்சல் வந்தா தூக்கிட்டு ஓடணும். போன வருஷம் மழைல ஒரு பையனுக்கு ராத்திரி 1 மணிக்கு வாந்தி பேதி, ரோடு வரைக்கும் தூக்கிட்டு நடந்து 108க்கு காத்திருந்தோம். காலைல 9 மணிக்கு முதல் வகுப்பு, நான் தூங்கவே இல்ல, "ஆத்திசூடி" நடத்திட்டு இருக்கேன், எந்தப் பாட்டு எந்த வரின்னே தெரியல. இந்த வேலைய ஒரு மனுஷன் எத்தனை வருஷம் பண்ணுவான்? காப்பாளருக்கு தனி ஆளு போடுங்க, நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்கயே இருக்கேன், இதை நான் எங்க வேணா எழுதித் தர்றேன்.

அப்புறம் புள்ளைங்க. கரும்பு வெட்டு சீசன் வந்தா குடும்பத்தோட கீழ போயிருவாங்க, கேரளாவுக்கு மிளகு பறிக்கவும் போவாங்க. திரும்பி வரும்போது படிச்சது பாதி மறந்திருக்கும். அந்தக் குடும்பம் எப்ப போகும் எப்ப வரும்னு தெரிஞ்ச டீச்சர் தான் போறதுக்கு முன்னாடியே பாட்டிகிட்ட பேசி புள்ளைய ஹாஸ்டல்ல விட வைக்க முடியும். புதுசா வந்தவங்களுக்கு ஜனவரில வகுப்பு பாதி காலியா இருக்கிறது தான் தெரியும்.

திம்பம்27:

பொம்பளைங்க சங்கடத்தை யாரும் எழுதலயே. தாளவாடி பக்கம் 4 வருஷம் இருந்தேன். ஸ்கூல்ல டீச்சருக்கு தனி டாய்லெட் கிடையாது, புள்ளைங்களோடதுல தண்ணி வராது. காலைல 6 மணில இருந்து சாயங்காலம் வீடு வர்ற வரைக்கும் தண்ணி குடிக்காமலே இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்து 2 தடவை ஆஸ்பத்திரி. மாசமா இருந்தப்ப திம்பம் மலை ரோட்டுல 27 வளைவும் தினம் ஏறி எறங்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதான் வந்துட்டேன். எனக்கு அந்த ஸ்கூல் ரொம்பப் பிடிக்கும். அங்க புள்ளைங்க கன்னடம் தான் பேசும், நான் "ஊட்டா ஆயித்தா"ன்னு கேக்கக் கத்துக்கிட்டப்ப மொத்த வகுப்பும் கைதட்டிச்சு. மாசமா இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் கீழ மாற்றுப்பணி குடுத்துட்டு, மறுபடி அதே ஸ்கூலுக்கு வர்றதுக்கு எடத்தை அப்படியே வச்சிருந்தா நான் திரும்பி போயிருப்பேன். வேகன்ட்னு காட்டி வேற ஆளைப் போட்டுட்டாங்க, அவங்களும் அடுத்த வருஷமே வந்துட்டாங்க.

டாய்லெட்டுக்கு பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். மனுல முதல் வரியா அதைப் போடுங்க.

இயக்கத்தோழர்:

சங்கத்துல 15 வருஷமா இருக்கேன், விதி பக்கம் கொஞ்சம் சொல்றேன், மனு எழுதுறவங்களுக்கு உதவும்.

கலந்தாய்வு அட்டவணைல மலை சுழற்சின்னு தனியா வரும், பாத்திருப்பீங்க. மேல இருக்கிறவங்களை கீழ எறக்கி கீழ இருக்கிறவங்களை மேல ஏத்துறது. கேக்க நியாயமா இருக்கு, ஒரே ஆளே சாகுற வரைக்கும் மலைல கிடக்கக் கூடாதுன்னு நாமளே போராடி வாங்கினது தான். ஆனா இதுல ஒரு சிக்கல், மேல போறவங்களுக்கு அது தண்டனைக் காலம் மாதிரி ஆயிருச்சு, நாள் எண்ணுறாங்க. இருக்கணும்னு ஆசைப்படுறவங்களை இருக்க விட்டு, வர ஆசைப்படுறவங்களுக்கு என்னைக்கு வரலாம்னு தேதிய முன்னாடியே எழுத்துல குடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லது. எப்ப விடுவாங்கன்னே தெரியாம இருக்கிறவன் முதல் நாள்ல இருந்தே வழி தேட ஆரம்பிச்சுருவான். தேதி தெரிஞ்சவன் அந்த நாள் வரைக்கும் நிம்மதியா வேலை பாப்பான், எங்க ஒன்றியத்துலயே ரெண்டு பேரை பாத்துருக்கேன்.

ரெண்டாவது, முன்ன தொடக்கக் கல்வில பதவி உயர்வுக்கு ஒன்றிய அளவுல தான் சீனியாரிட்டி. ஒன்றியத்தை விட்டுப் போனா சீனியாரிட்டி அடிபடும்னு மலை ஒன்றியத்துலயே இருந்தவங்க நிறைய பேர். 21.12.2023ல அரசாணை 243 வந்து அதை மாநில அளவுன்னு ஆக்கினாங்க. எங்க சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடினதுக்கு பல காரணம் இருக்கு, ஆனா மலைக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பேசல, இருக்கிறதுக்கு இருந்த ஒரு சின்ன காரணமும் போச்சு. மலைல போட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் பதவி உயர்வுலயோ மாறுதல் முன்னுரிமைலயோ கூடுதல் மதிப்பு குடுங்கன்னு கேக்கலாம்.

மூணாவது, கடம்பூர் டீச்சர் மாதிரி 2009 ஜூன் 1ல இருந்து சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஆறாவது ஊதியக்குழுல அடிப்படை ஊதியம் 5200ன்னு வச்சாங்க, அதுக்கு ஒரு நாள் முன்ன சேர்ந்தவங்களுக்கு 8370. ஒரே வேலை. அந்த வித்தியாசம் இன்னைக்கு மாசம் ஆயிரக்கணக்குல வந்து நிக்குது. மலைப்படின்னு ஒரு கையால குடுக்குறது இந்த எடத்துல எடுத்ததுக்கு ஈடாகுமா? சாக்பீஸ்தூள் சொன்னதுல நியாயம் இருக்கு.

காலி இடத்துக்கு பள்ளி மேலாண்மைக் குழு வழியா தற்காலிக ஆசிரியர்னு 2022ல போட்டாங்களே, இடைநிலைக்கு 7500 ரூபாய்னு ஆரம்பிச்சாங்க. 7500க்கு மலைக்கு ஜீப்ல போய் வர்ற ஆளு எங்க கிடைப்பா?

வன்னிக்காரன்:

வணக்கம். நான் இலங்கையில இருந்து வாசிக்கிறன். முல்லைத்தீவில துணுக்காய் வலயத்தில 6 வருசம் படிப்பிச்சனான். உங்கட கதையும் எங்கட கதையும் ஒண்டு தான், யானையும் சேர்த்து.

எங்களுக்கு கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எண்டு பாடசாலையள பிரிச்சு வச்சிருக்கினம். கல்வியியற் கல்லூரி முடிச்சு வாற பிள்ளையள முதல்ல இங்க தான் அனுப்புவினம். யாழ்ப்பாணத்தில இருந்து வாற ஆசிரியர்மார் திங்கள் விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு வந்து வெள்ளி பின்னேரம் திரும்புவினம். கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிஞ்ச அடுத்த நாளே மாற்ற விண்ணப்பம். நானும் அப்பிடித்தான் போட்டனான், மறைக்க விரும்பேல்ல. ஆனா எங்கட பாடசாலையில பழுதான ஆசிரியர் விடுதிய பெற்றோர் சிரமதானம் செய்து திருத்தித் தந்தவை, கிணறு இறைச்சு, கூரை மாத்தி. அதுக்குப் பிறகு விண்ணப்பத்தை திருப்பி எடுத்து இன்னும் 3 வருசம் இருந்தனான். சனங்கள் எனக்காக கூரையில ஏறி நிண்டதை பாத்திட்டு எப்பிடி வெளிக்கிடுறது?

அந்தத் தம்பி சொன்ன விசயத்துக்கு ஒரு வார்த்தை. மலையகத்தில தோட்டப் பாடசாலையளுக்கு 2014, 2015 காலத்தில 3000 பேருக்கு மேல ஆசிரியர் உதவியாளரா எடுத்தவை, கனபேர் தோட்டத்துப் பிள்ளையள் தான். மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவு, பிறகு 10000 ஆக்கினவை. அந்தக் காசில பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காணாது, ஆனா அவை விட்டிட்டுப் போகேல்ல, ஏனெண்டா படிப்பிச்சது தங்கட தம்பி தங்கச்சியள. ஊர்ப் பிள்ளையள எடுங்கோ, கட்டாயம் எடுங்கோ, ஆனா அவை எப்பிடியும் இருப்பினம் எண்டிட்டு சம்பளத்தைக் குறைச்சுப் போடாதேங்கோ. உங்கட மனுவில முழுச் சம்பளத்தோட எண்டு எழுதுங்கோ.

சாக்பீஸ்தூள்:

வன்னி அண்ணா சொன்ன கூரை விஷயம் படிச்சப்ப தான் ஞாபகம் வருது. பர்கூர்ல நான் இருந்த ஸ்கூல் பக்கத்துலயே ஒரு குவார்ட்டர்ஸ் இருந்துச்சு, ஓடு பறந்து போய் ஆடு கட்டி வச்சிருந்தாங்க. ரெண்டு வருஷமும் அதைத் தாண்டித்தான் தினமும் ஜீப் ஏறினேன். யார்கிட்டயும் கேக்கணும்னே தோணல.

வரிகட்டுறவன்:

ஆரியூர் ஐயா, வன்னி அண்ணன் ரெண்டு பேர் எழுதினதையும் எங்க அத்தைக்கு போன்ல வாசிச்சுக் காட்டினேன். "எங்ககிட்ட யாரும் எடம் கேக்கலயே, கேட்டிருந்தா குடுத்திருப்போமே"ன்னு சொல்றாங்க. ஊர்க்காரங்களும் டீச்சரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசவே இல்ல போல. வர்ற பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல மாமாவைக் கேக்கச் சொல்லிருக்கேன்.

ஆரியூர்வாத்தியார்:

நல்லது தம்பி. கேக்கும்போது டீச்சரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு கேக்கச் சொல்லுங்க. ஒரு விஷயம் ஜாக்கிரதை, தனியா இருக்கிற பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஊர் ஓரத்துல எடம் பாக்கக் கூடாது, நாலு வீட்டுக்கு நடுவுல பாருங்க. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள், விளக்கு, பக்கத்துல தண்ணி. இது மூணும் இல்லாம அரசாங்கமே பங்களா கட்டிக் குடுத்தாலும் யாரும் தங்க மாட்டாங்க, நான் பாத்துருக்கேன்.

திம்பம்27:

கூடவே சிக்னல். எமிஸ்ல (பள்ளிக்கல்வித்துறை ஆன்லைன் பதிவு) வருகைப்பதிவு போட பாறை மேல ஏறி நிக்குறது எனக்குப் பெரிசா தெரியல, ராத்திரி 8 மணிக்கு என் குழந்தை முகத்தை வீடியோ கால்ல பாக்க முடியாம இருந்தது தான் தாங்க முடியல. டவர் வரணும்னு மனுல எழுதும்போது வருகைப்பதிவுக்காகன்னு மட்டும் எழுதாதீங்க.

ஊராளிப்பையன்:

டீச்சர், ஒரு விஷயம் கேட்டு சொல்றேன்னு தான் ரெண்டு நாளா எழுதல. உங்க ஸ்கூலுக்கு மேல்புறம், அங்கன்வாடிக்கு பின்னாடி ஓட்டு வூடு ஒண்ணு பூட்டியே கெடக்குதுல்ல, அது முன்ன டீச்சருக்குன்னு கட்டினது தானாமுங்க. எங்க சித்தப்பா அந்த ஊரு தான், அவர் தான் சொன்னாரு. கடைசியா தங்கினவங்க போனதுக்கு அப்புறம் தெறக்கவே இல்லையாம். சாவி ஊர் மூப்பன்கிட்ட இருக்கு. கரண்டு கட் பண்ணிருக்காங்க, ஓடு ஒரு பக்கம் ஒடஞ்சிருக்கு, செவுரு நல்லா தான் இருக்குதுன்னு சொல்றாரு.

கடம்பூர்மழை:

தம்பி நெசமாவா? 3 வருஷமா அந்த வீட்டைத் தாண்டித்தான் தண்ணி எடுக்கப் போறேன், ஏதோ பஞ்சாயத்து குடோன்னு நினைச்சுட்டு இருந்தேன். யாரும் சொல்லவே இல்ல, நானும் கேக்கல.

மனு எழுதிட்டு இருக்கோம். டாய்லெட்டும் தண்ணியும் முதல்ல. அப்புறம் குடியிருப்பு, ரெண்டு பேரா நியமனம், எழுத்துல தேதி, மாசமா இருக்கிறவங்களுக்கு எடம் காப்பாத்தி வைக்கிறது, காப்பாளர் தனி, மலைல டெட் கோச்சிங், ஊர்ப் பசங்களுக்கு முழுச் சம்பளத்தோட வேலை. மலைப்படியும் இருக்கு சாக்பீஸ்தூள், எடுக்கல. இயக்கத்தோழர், அரசாணை பத்தி நீங்க சொன்ன பத்திய அப்படியே போட்டிருக்கோம், ஒரு தடவை பாத்துக் குடுங்க.

சனிக்கிழமை நான் கீழ போகல. வீட்டுக்காரரையும் பொண்ணையும் மேல வரச் சொல்லிட்டேன், அவ இதுவரைக்கும் என் ஸ்கூலைப் பாத்ததே இல்ல. காலைல மூப்பன் வீட்டுக்குப் போய் சாவி கேக்கணும். தம்பி, உங்க சித்தப்பாவை கொஞ்சம் கூட வரச் சொல்ல முடியுமா?

ஊராளிப்பையன்:

சொல்லிட்டனுங்க டீச்சர், 8 மணிக்கு அங்கன்வாடி கிட்ட நிப்பாரு. சித்தி உங்க பேரு என்னன்னு கேக்கச் சொன்னாங்க.